கடைமடைக்கும் ஓர் ஆட்டம்

பள்ளிக்கூடத்துக்கு லீவு விட்டதும் தெருவுக்கு ஒரு டோர்னமெண்ட் முளைப்பது வழக்கம். கேரமோ, செஸ்ஸோ, ஏதாவது ஒன்று. தெருக்கோடி வீட்டுச் சுவரில் ஒரு காகிதம் ஒட்டப்படும். 'முதல் பரிசு, இரண்டாம் பரிசு' என்று சிவப்பு மசியில் எழுதியிருக்கும். காலை 10 மணிக்கு 16 குழந்தைகள் குளித்து, தலை வாரி, பவுடர் பூசி, நெஞ்சில் படபடப்புடன் வந்து நிற்பார்கள்.

11 மணிக்கு அதே இடத்துக்குப் போய்ப் பாருங்கள். 8 குழந்தைகளைக் காணோம்! முதல் ஆட்டத்திலேயே தோற்று வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

"என்னப்பா, அதுக்குள்ளயா முடிஞ்சுபோச்சு?" என்று அம்மா கேட்டால் பதில் வராது. கூடத்து மூலையில் செல்போனை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிடும் குழந்தை. வற்புறுத்திக் கேட்டால், "நான் இனிமே போக மாட்டேன்" என்று ஒரு பதில் வரும்.

ஆட்டமென்றால் ஒருவர் தோற்கத்தான் வேண்டும். அதில் ஒன்றும் குறையில்லை. ஆனால் ஒரு நாள் முழுக்க விளையாட ஆசைப்பட்டு வந்த குழந்தையை அரை மணி நேரத்தில் திருப்பி அனுப்புகிறோமே, அது சரியா? இன்னொரு சங்கதியையும் யோசித்துப் பாருங்கள். முதலில் தோற்கிறவர்கள் யார்? பழக்கம் இல்லாதவர்கள். பழக்கம் இல்லாதவர்கள் யார்? யாரும் விளையாடக் கூப்பிடாத பெண் குழந்தைகள். அடுப்படியை விட்டு வெளியே வர நேரமில்லாத தாய்மார்கள். அவர்களுக்குக் கிடைப்பது வருஷத்துக்கு ஒரே ஆட்டம். நன்றாக ஆடத் தெரிந்த பையனுக்கோ ஒரே நாளில் 4 ஆட்டம்! அடுத்த வருஷமும் யார் தோற்பார்கள் என்று ஜோசியம் பார்க்க வேண்டியதே இல்லை. வயிறு நிறைந்தவன் இலையிலேயே மறுபடியும் பாயசம் ஊற்றுகிற பந்தி இது.

இந்தப் பந்தியை மாற்றிப் பரிமாற ஒரு வழி இருக்கிறது. தேனி, கம்பம் பள்ளத்தாக்கு ஊர்களில் ஒரு தெருவிலோ காலனியிலோ நடத்துவதாக வைத்துக்கொண்டு, அதை இந்த வாரம் விவரமாகச் சொல்கிறேன். மற்ற ஊர்ச் சகோதரிகள் தங்கள் தெருவுக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம்.

மேஜை மேல் ஒரு யுத்தம்

முதலில், எந்த ஆட்டம்?

மேல்நாடுகளில் சின்னஞ்சிறு பொம்மைச் சிப்பாய்களை மேஜை மேல் அணிவகுத்து யுத்தம் நடத்துவது பெரியவர்களுக்கே ஒரு பொழுதுபோக்கு. இதன் பூர்விகம் பிரஷ்யா தேசம். ரைஸ்விட்ஸ் என்ற பிரபு 1812-ல் தம் அரசருக்காக இப்படி ஒரு யுத்த மேஜையைச் செய்து கொடுத்தார். அவருடைய மகன் 1824-ல் அதற்கு விதிகள் எழுதி அச்சிட்டார். இரு தரப்புக்கும் நடுவே நியாயம் சொல்ல ஒரு மத்தியஸ்தர் வேண்டும் என்பது அந்த விதிகளில் முக்கியமானது. விஞ்ஞானக் கதைகள் எழுதிப் பெயர் பெற்ற ஹெச். ஜி. வெல்ஸ் 1913-ல் 'லிட்டில் வார்ஸ்' என்று ஒரு புத்தகமே எழுதினார். தகரச் சிப்பாய்களையும் பொம்மைப் பீரங்கிகளையும் வைத்து ஆடும் விளையாட்டு அது. புத்தகத்தின் முகப்பில் பையன்களுக்கு 150 வயது வரை இடம் கொடுத்திருக்கிறார் மனிதர்; பெண்களில் மட்டும் கொஞ்சம் கூடுதலாகப் புத்தி உள்ளவர்களுக்கு! போகட்டும், அந்த மட்டுக்காவது வாசலைத் திறந்து வைத்தாரே.

இன்றைக்கு இங்கிலாந்தில் நாட்டிங்ஹாம் நகரத்துக் கம்பெனி ஒன்று 1983 முதல் நடத்திவரும் 'வார்ஹாமர்' என்ற ஆட்டம் உலகம் முழுவதும் பரவியிருக்கிறது. கட்டை விரல் உயரப் பொம்மைகளுக்கு மாதக் கணக்கில் உட்கார்ந்து வர்ணம் தீட்டி, சனி ஞாயிறுகளில் போட்டிக்கு எடுத்துப் போகிறார்கள். பொம்மைகள் விலையோ நம் மாதச் சாமான் பட்டியலை மிஞ்சும்!

நமக்கு அந்தச் செலவு எதற்கு? ஆடு புலி ஆட்டம் இருக்கிறது. அதுவும் யுத்தம்தான். 3 புலிகள் ஒரு பக்கம். 15 ஆடுகள் மறுபக்கம். புலிக்குப் பலம், ஆட்டுக்கு ஒற்றுமை. புலி, ஆட்டைத் தாண்டிக் குதித்து வெட்டும். ஆடுகள் நெருங்கி நின்று புலியை அசையவிடாமல் கட்டிப்போடும். தமிழ்நாட்டில் எத்தனையோ கோயில் மண்டபங்களின் கல் தரையில் இந்தக் கட்டம் செதுக்கியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நேபாளத்தில் 4 புலி, 20 ஆடு வைத்து இதையே வேறு கட்டத்தில் ஆடுகிறார்கள்.

கட்டம் போடுவது கோலம் போடுகிற கைக்கு நிமிஷ வேலை. உச்சியில் ஒரு புள்ளி. அதிலிருந்து கூடாரம் மாதிரி 4 கோடுகள் கீழே இறங்கட்டும். குறுக்கே 3 நீளக் கோடுகள். அவை கூடாரத்துக்கு வெளியே இரு பக்கமும் நீண்டு நிற்கும். அந்த நுனிகளை இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்றாக நேர்கோட்டால் இணைத்துவிடுங்கள். அடியில் 4 கால்களையும் சேர்த்து ஒரு கோடு. கோடுகள் சந்திக்கும் இடங்களை எண்ணினால் 23 வர வேண்டும். புளியங்கொட்டை ஆடு, கூழாங்கல் புலி. கொலுப் பெட்டியில் சின்ன மண் பொம்மைகள் இருந்தால் அவற்றையே ஆடாகவும் புலியாகவும் நிறுத்தலாம். வெள்ளைக்காரப் பொம்மைச் சிப்பாய்க்கு அவை எந்த விதத்திலும் குறைந்தவை அல்ல.

முல்லரும் முல்லையும்

இனி, தோற்றவரை வீட்டுக்கு அனுப்பாத வழி. அதற்குப் பெயர் சுவிஸ் முறை. யூலியுஸ் முல்லர் என்பவர் ஸ்விட்சர்லாந்தின் சூரிச் நகரில் நடந்த ஒரு சதுரங்கப் போட்டியில் முதன் முதலாக இதைக் கையாண்டார். வருஷம் 1895.

அந்த வருஷம் கம்பம் பள்ளத்தாக்குக்காரர்களுக்கு மறக்க முடியாதது அல்லவா? 1895 அக்டோபரில்தான் பென்னிகுயிக் துரை கட்டிய முல்லைப் பெரியாறு அணை திறக்கப்பட்டது. மேற்கே ஓடிக் கடலில் கலந்துகொண்டிருந்த தண்ணீர், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே கிழக்கே திரும்பியது. அங்கே முல்லர், இங்கே முல்லை! ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லைதான். ஆனாலும் இரண்டும் ஒரே தர்மத்தைச் சொல்கின்றன.

வாய்க்கால் பாசனத்தில் தலைமடைக்காரருக்கு எப்போதும் கவலை இல்லை. கம்பம் பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நிலத்தைத் தாண்டி, வைகையைத் தாண்டி, மேலூர்ப் பக்கத்துக் கடைமடை வயலுக்கும் தண்ணீர் எட்டினால்தான் பாசனம் ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம். டோர்னமெண்டும் அப்படித்தான். ஜெயித்துக்கொண்டே போகிறவனுக்கு ஆட்டம் கிடைப்பதில் என்ன அதிசயம்? கடைசியில் நிற்கிற குழந்தைக்கும் ஆட்டம் எட்ட வேண்டும்.

சுவிஸ் முறையின் சூட்சுமம் மிகவும் எளிது. யாரையும் வெளியே அனுப்பாதே. ஒவ்வொரு சுற்றிலும் ஒரே புள்ளி எடுத்தவர்களை ஒருவருக்கொருவர் எதிரே உட்கார வை. ஒரு தடவை மோதியவர்கள் மறுபடி மோத வேண்டாம். இவ்வளவுதான்.

16 பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் சுற்றுக்குச் சீட்டுக் குலுக்கி ஜோடி சேருங்கள். 8 பேர் ஜெயிப்பார்கள், 8 பேர் தோற்பார்கள். இரண்டாவது சுற்றில் ஜெயித்தவர் ஜெயித்தவரோடு; தோற்றவர் தோற்றவரோடு. அது முடிந்ததும் 4 பேரிடம் 2 புள்ளி, 8 பேரிடம் 1 புள்ளி, 4 பேரிடம் சைபர். மறுபடியும் அவரவர் கூட்டத்துக்குள்ளேயே ஜோடி. இப்படி 4 சுற்று. ஆட்டங்கள் சமனில் முடியாமல் இருந்தால் கடைசிக் கணக்கு இப்படி வரும்: நான்கிலும் ஜெயித்தவர் 1, மூன்றில் ஜெயித்தவர் 4, இரண்டில் ஜெயித்தவர் 6, ஒன்றில் ஜெயித்தவர் 4, ஒன்றிலும் ஜெயிக்காதவர் ஒரே ஒருவர்.

கவனித்தீர்களா? 16 பேரில் 15 பேர் ஒரு ஜெயமாவது கையில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போகிறார்கள். தோற்றால் வெளியே என்கிற பழைய முறையிலோ 8 பேர் ஒன்றுமில்லாமல் போவார்கள். எல்லோரும் எல்லோரோடும் ஆடட்டும் என்றால் 120 ஆட்டம் வேண்டும், லீவே முடிந்துவிடும். சுவிஸ் முறையில் 32 ஆட்டம்தான். ஒரு பகலில் முடித்துவிடலாம். 32 பேர் வந்தால் 5 சுற்று போதும்.

இன்னொரு லாபமும் உண்டு. புதிதாக ஆட வந்தவர் இரண்டு சுற்றுக்குப் பிறகு தம்மைப் போன்ற புதியவருக்கு எதிரேதான் உட்காருவார். அந்த ஆட்டத்தில்தான் அவருக்குக் கண் திறக்கும். சூரப்புலி ஒருவரிடம் 5 நிமிஷத்தில் தோற்பதில் ஒருவரும் எதையும் கற்றுக்கொள்வதில்லை.

நடத்துகிறவர் கவனத்துக்கு

எட்டுக் கட்டமும் 16 அட்டைகளும் இருந்தால் போதும். பழைய கல்யாணப் பத்திரிகைகளை நறுக்கிப் பின்பக்கத்தை உபயோகியுங்கள். ஒவ்வோர் அட்டையிலும் ஒரு பெயர். கீழே, யாரோடு ஆடினார், எத்தனை புள்ளி, எத்தனை ஆடு பிடித்தார் என்று எழுதிக்கொண்டே வர வேண்டும். ஒரு சுற்று முடிந்ததும் அட்டைகளைப் புள்ளி வாரியாகத் தரையில் அடுக்கினால் அடுத்த ஜோடிகள் தாமாகவே தெரிந்துவிடும்.

சண்டை பெரும்பாலும் கட்டத்தில் வருவதில்லை, விதியில் வருகிறது. ஆடு புலி ஆட்டத்துக்கு ஊருக்கு ஊர் ஒரு சட்டம். உத்தமபாளையத்து அப்பத்தா சொல்வது ஒன்று, பெரியகுளத்துத் தாத்தா சொல்வது வேறொன்று. 'எங்க ஊர்ல இப்படித்தான்' என்று இருவரும் சத்தியம் செய்வார்கள். இருவர் சொல்வதும் வாஸ்தவமாகவே இருக்கும். ஆகவே முதல் நாளே கூடிப் பேசி, முடிவான விதிகளை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள். புலிகள் முதலில் எங்கே உட்காரும்? எல்லா ஆடுகளும் இறங்குமுன் ஆடு நகரலாமா? ஒரே மூச்சில் புலி இரண்டு ஆட்டை வெட்டலாமா? எத்தனை ஆடு போனால் ஆட்டம் முடிந்தது? இந்த நாலு கேள்விக்கும் பதில் எழுதியிருந்தால் பாதிக் கூச்சல் குறைந்துவிடும். புலி ஒன்று இரண்டு இடங்களுக்கு நடுவே போய்ப் போய் வந்து காலம் கடத்தினால் என்ன செய்வது என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 'மூன்று தடவைக்கு மேல் கூடாது' என்று வைத்தால் நியாயமாக இருக்கும்.

புலியும் ஆடும் சமமான சேனைகள் அல்ல. ஆகையால் ஒவ்வொரு ஜோடியும் இரண்டு ஆட்டம் ஆட வேண்டும். ஒன்றில் நான் புலி, மற்றதில் நீ புலி. 6 ஆடு பிடிபட்டாலோ, புலிகள் மூன்றும் கட்டுண்டாலோ, மணி அடித்தாலோ ஆட்டம் முடிந்தது. யாருடைய புலி அதிக ஆடு பிடித்ததோ அவருக்கு அந்தச் சுற்றின் ஒரு புள்ளி. சமமென்றால் ஆளுக்கு அரை. 'எனக்குப் புலி வரவில்லை, அதனால் தோற்றேன்' என்ற அழுகைக்கு இங்கே இடமில்லை.

ஆட்டத்துக்கு 20 நிமிஷம் வைத்தால் சுற்றுக்கு 40 நிமிஷம்; ஜோடி சேர்க்கவும் தண்ணீர் குடிக்கவும் 20 நிமிஷம். 10 மணி, 11 மணி, 12 மணிக்கு ஒவ்வொரு சுற்று. சாப்பாட்டுக்குப் பின் 2 மணிக்குக் கடைசிச் சுற்று. 3 மணிக்குப் பரிசு. மாலைக் காப்பிக்கு எல்லோரும் வீட்டில் இருப்பார்கள். நேரம் அறிவிக்க எவர்சில்வர் தட்டும் கரண்டியும் போதும்.

இருவர் ஒரே புள்ளியில் நின்றால்? சீட்டுக் குலுக்க வேண்டாம். அவரவர் சந்தித்த எதிராளிகள் கடைசியில் எடுத்த புள்ளிகளைக் கூட்டிப் பாருங்கள். யாருடைய கூட்டல் அதிகமோ அவர் பலசாலிகளோடு மோதியவர், அவரே முந்தியவர். பெரிய சதுரங்கப் போட்டிகளிலும் இந்தக் கணக்கு உண்டு.

ஆள் கணக்கு ஒற்றைப்படையில் வந்தால் ஒருவருக்கு ஜோடி இருக்காது. அவருக்கு ஆடாமலே ஒரு புள்ளி கொடுப்பது வழக்கம். ஆனால் வந்த குழந்தைக்குப் புள்ளியைவிட ஆட்டம்தானே பெரிது? வீட்டு அம்மாள் ஒருவரைத் தயாராக வைத்துக்கொண்டு, அந்தச் சுற்றில் அவரை எதிரே உட்கார வைத்துவிடுங்கள். போடியிலிருந்து வருகிற பஸ் தாமதமாகி ஒரு குழந்தை 11 மணிக்கு வந்து நிற்கிறதா? பழைய முறையில் கதவடைப்புதான். இதில் இரண்டாவது சுற்றில் சேர்த்துக்கொள்ளலாம்.

அண்ணன் தங்கையை முதல் சுற்றில் மோதவிடாதீர்கள். அந்தச் சண்டை வீட்டிலேயே தினமும் நடக்கிறது. பின்னால் நின்று யோசனை சொல்லும் மாமாக்களுக்கு ஒரு பெஞ்சு போட்டு, பத்தடி தள்ளி உட்கார வைத்துக் கையில் பத்திரிகையைக் கொடுத்துவிடுங்கள். மத்தியஸ்தராக, இரு பக்கத்துக் குழந்தைகளும் மதிக்கிற ஒருவர் வேண்டும். ஓய்வு பெற்ற டீச்சர் ஒருவர் அகப்பட்டால் பாக்கியம்.

நாளும் காற்றும்

தேதி வைக்குமுன் காலண்டரைப் பாருங்கள். சித்திரையில் வீரபாண்டி கௌமாரியம்மன் திருவிழா. அந்த நாட்களில் தேனிப் பக்கத்தில் வேறு எதற்கும் கூட்டம் சேராது. பஸ்ஸில் இடமும் கிடைக்காது. ஆடிச் சனிக்கிழமைகளில் குச்சனூர் சனீஸ்வரர் கோயிலுக்குப் போகிற வீடுகள் ஏராளம். ஆனி, ஆடியில் இன்னொரு தொந்தரவு, கணவாய் வழியே வீசும் காற்று. ஆண்டிபட்டிப் பக்கத்துக் காற்றாலைகள் சுழல்வது அதனால்தான். திண்ணையிலும் மொட்டை மாடியிலும் வைத்தால் அட்டை, கோலமாவு, புளியங்கொட்டை எல்லாம் அடுத்த தெருவுக்குப் போய்விடும். கூடத்துக்குள் வையுங்கள், அல்லது கனமான கூழாங்கற்களாகப் பொறுக்கிக்கொள்ளுங்கள்.

பொங்கல் சமயம் நல்லது. ஜனவரி 15 பென்னிகுயிக் பிறந்த நாள். பள்ளத்தாக்கு முழுவதும் அன்று குதூகலமாக இருக்கும். விடியுமுன் ஜீப் ஏறி ஏலத் தோட்டங்களுக்கு வேலைக்குப் போய் இருட்டிய பின் திரும்புகிற பெண்கள் உங்கள் தெருவில் இருந்தால், அவர்களுக்கு எந்த நாள் ஓய்வு என்று கேட்டுவிட்டு நாள் குறியுங்கள். கடைமடை என்று சொன்னேனே, அவர்களும் அதில் சேர்த்தி.

எல்லாவற்றையும்விட எனக்குப் பிடித்த யோசனை நவராத்திரி. சுவிஸ் முறையில் சுற்றுகள் ஒரே நாளில் நடக்க வேண்டுமென்று கட்டாயமில்லை. மாலைக்கு ஒரு சுற்று வீதம் 4 மாலையில் முடித்துவிடலாம். எப்படியும் சுண்டலுக்கும் வெற்றிலை பாக்குக்கும் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகிறோம். கொலுவுக்கு முன்னால் நாலு கட்டம் போட்டிருந்தால், பாட்டுப் பாடத் தெரியாதவர்களுக்கும் ஒரு வேலை கிடைக்கும்!

கட்டத்தின் எதிரே நாம்

இங்கே ஒரு சம்பாஷணை நடக்கும். எனக்குத் தெரியும்.

"மதினி, உங்க பேரையும் எழுதிக்கிறேன்."

"எனக்கு எதுக்குத்தா? நான் வந்தவங்களுக்குக் காப்பி போட்டுத் தர்றேன். சின்னப் பிள்ளைககிட்டத் தோத்தா நல்லாவா இருக்கும்?"

நம் வீடுகளில் இந்த 'எனக்கு எதுக்கு' மிகவும் பழைய சரக்கு. காப்பி போட ஆள் வேண்டும், கணக்கு எழுத ஆள் வேண்டும், கூடம் பெருக்க ஆள் வேண்டும். இவை எல்லாவற்றுக்கும் பெண்கள் உண்டு. கட்டத்தின் எதிரே உட்கார மட்டும் ஆள் கிடைப்பதில்லை. தோற்றுவிட்டால் எல்லோர் முன்னும் எழுந்து போக வேண்டுமே என்ற கூச்சம்தான் காரணம். எழுந்து போகவே வேண்டாம் என்கிற முறை வந்துவிட்டால், கூச்சத்தில் பாதி போய்விடும். காப்பியை ஆளுக்கு ஒரு சுற்று என்று ஆண்பிள்ளைகளும் முறை வைத்துப் போடட்டும். அதனால் ஒன்றும் கெட்டுவிடாது. சர்க்கரை கொஞ்சம் கூடும், அவ்வளவுதான்.

2022-ல் நம் மாமல்லபுரத்தில் ஜூலை 28 முதல் ஆகஸ்டு 10 வரை சதுரங்க ஒலிம்பியாட் நடந்தது. பொதுப் பிரிவில் மட்டும் 180-க்கும் மேற்பட்ட கோஷ்டிகள். அத்தனை பேரும் ஒருவரோடொருவர் மோதுவதென்றால் மாதக் கணக்காகும். சுவிஸ் முறையில் 11 சுற்றில் முடித்தார்கள். உலகப் படத்தில் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய சின்னச் சின்னத் தீவு தேசத்துக்காரர்களும் கடைசி நாள் வரை ஆடிவிட்டுத்தான் கப்பலோ விமானமோ ஏறினார்கள். பெண்கள் பிரிவில் இந்தியாவுக்கு வெண்கலப் பதக்கம். அந்தக் கோஷ்டியில் இருந்த ஹரிகா துரோணவல்லி அப்போது நிறைமாதக் கர்ப்பிணி!

அதே கோஷ்டியில் இருந்தவர்தான் சென்னைப் பெண் வைஷாலி. தம்பி பிரக்ஞானந்தாவும் கிராண்ட்மாஸ்டர், அக்காவும் கிராண்ட்மாஸ்டர். உலகத்திலேயே இப்படி ஓர் அக்கா தம்பி ஜோடி இவர்கள்தான் முதல். 2025 ஆகஸ்டில் சென்னையில் நடந்த ஒரு பெரிய போட்டியில் வைஷாலி அடுத்தடுத்து 7 ஆட்டங்களில் தோற்றார். நம்மில் யாராக இருந்தாலும் பலகையை மடித்துப் பரணில் போட்டிருப்போம். அவர் அடுத்த மாதமே சாமர்கண்ட் நகரத்துக்குப் போய், மகளிர் 'கிராண்ட் சுவிஸ்' போட்டியில் முதலாவதாக வந்தார். 2023-லும் அந்தப் பட்டம் அவருக்கே. போட்டியின் பெயரிலேயே சுவிஸ் இருப்பதைக் கவனியுங்கள். தோற்ற பிறகும் உட்கார ஒரு நாற்காலி இருந்தது, அவர் உட்கார்ந்தார். நம் தெருவில் முதல் ஆட்டத்தில் தோற்ற பெண்ணுக்கும் அந்த நாற்காலிதான் வேண்டும். மற்றதை அவள் பார்த்துக்கொள்வாள்.

பரிசு யாருக்கு?

முதலாவதாக வந்தவருக்குப் பரிசு உண்டு, சந்தேகமில்லை. ஆனால் பொம்மை யுத்தக்காரர்களிடமிருந்து இரண்டு நல்ல வழக்கங்களைக் கடன் வாங்கலாம். அவர்கள் போட்டிகளில், ஜெயித்தவருக்கு மட்டுமல்லாமல், சேனைக்கு மிக அழகாக வர்ணம் தீட்டியவருக்கும் பரிசு கொடுப்பதுண்டு. நாமும் மிக அழகான கட்டக் கோலத்துக்கு ஒரு பரிசு வைக்கலாம். இன்னொன்று, எதிராளிகளே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கும் பரிசு. 'யாரோடு ஆடியது உங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது?' என்று அட்டையின் மூலையில் ஒவ்வொருவரும் ஒரு பெயர் எழுத வேண்டும். அதிக ஓட்டு வாங்கியவருக்குப் பரிசு. சிணுங்காமல் தோற்பவர்களுக்கும், பீற்றிக்கொள்ளாமல் ஜெயிப்பவர்களுக்கும் இது பொருந்தும். வருஷா வருஷம் இந்தப் பரிசுக்குத்தான் போட்டி பலமாக இருக்கும், பாருங்கள்.

பிளாஸ்டிக் கோப்பைகளை வாங்கி அலமாரியில் தூசி சேர்க்க வேண்டாம். ஒரு கூடை கம்பம் பன்னீர்த் திராட்சை கொடுங்கள். 2023-ல் புவிசார் குறியீடு பெற்ற சரக்கு அது. பரிசு வாங்கியவர் தெரு முழுக்க ஆளுக்கு நாலு பழம் பகிர்ந்து கொடுக்கலாம். ஒரு பொட்டலம் போடி ஏலக்காய் கொடுத்தால் வீடு முழுவதும் பாயசத்தில் மணக்கும்.

கடைசியாக ஒரு வேலை. எல்லாம் முடிந்து கூடத்தைப் பெருக்குமுன் அட்டைகளைச் சேர்த்து ஒரு நூலால் கட்டிப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த வருஷம் அதே பெயர்கள் திரும்பி வருகின்றனவா என்று பார்க்க அவை உதவும். முதல் அட்டையை அல்ல, 4 சுற்றிலும் தோற்ற அந்த ஒருவருடைய அட்டையைத் தேடுங்கள். அந்தப் பெயர் மறுபடியும் வந்திருந்தால், உங்கள் டோர்னமெண்ட் நன்றாக நடந்திருக்கிறது என்று தைரியமாகச் சொல்லிக்கொள்ளலாம்.